மலிவு கிராவல் குரூப்செட் வாங்கப் போகிறீர்களா? மாட்டுவதற்கு முன் மாடல் எண்ணைப் பாருங்கள்

கிராவல் பைக்குக்கு (மண் சாலையிலும் ஓட்டும் சைக்கிள்) குறைந்த விலையில் முழு குரூப்செட் (கியர், பிரேக் பாகங்களின் தொகுப்பு) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். 11 ஸ்பீடு (பின்னால் 11 கியர்), முன்னால் ஒற்றைப் பல்சக்கரம், செயின் குதிக்காமல் பிடிக்கும் கிளட்ச் உள்ள டிரெய்லியர் (செயினைக் கியர் மாற்றும் பின்பக்கக் கருவி), எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்று போட்டு விற்ற ஒரு செட்டை ஆன்லைனில் வாங்கினேன். வந்தது செட்டே இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாகங்களை ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கையில் எடுத்துப் பார்த்தபோது குறை சொல்ல எதுவும் இல்லை. கியரையும் பிரேக்கையும் இயக்கும் லீவரின் ரப்பர் பிடி வாகாக இருந்தது, கிளிக் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது, பெடல் மாட்டும் கிராங்கும் நேர்த்தியாக இருந்தது. விலை குறைந்தாலே சரக்கு மட்டம் என்று நான் நினைப்பதில்லை. மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் மாதிரி 10 ஸ்பீடு செட்கள் கொடுத்த காசுக்கு நன்றாகவே உழைக்கின்றன. அவற்றில் லீவர், டிரெய்லியர், கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) மூன்றையும் சேர்ந்து வேலை செய்யவே வடிவமைத்திருக்கிறார்கள்.

என் செட்டை மாட்டியதும் கோளாறு ஆரம்பித்தது. கடைசிச் சின்னப் பல்சக்கரத்தில் செயின் சத்தமில்லாமல் ஓடும். இரண்டு மூன்று கியர் மாற்றியதுமே உரசும். அதற்கு மேல் கிளிக் அடித்தால் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. கேபிளை இறுக்கினால் நடுக் கியர்கள் சரியாகும், சின்னவை கெட்டுப்போகும். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது செயின் தாவினால் கீழே விழ வேண்டியதுதான்.

விற்றவர்களிடம் கேட்டேன். டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும் என்றார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தேன், நேராக இருந்தது. அப்புறம் கேபிளை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பிறகு "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்றார்கள். ஒவ்வொரு பதிலும் வந்து சேரவே நாள்கணக்கில் ஆனது. பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிந்ததும் குரல் மாறிவிட்டது: "பொருத்திய சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்." இந்த இழுத்தடிப்பு தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

உண்மைக் காரணம் டிரெய்லியரின் பின்பக்கத்தில் இருந்தது. அங்கே பொறித்திருந்த மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தேன். அது மவுண்டன் பைக்குக்கான டிரெய்லியர். லீவரோ சாலை பைக் அளவில் செய்தது. இரண்டுமே 11 ஸ்பீடுதான், ஆனால் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிள் இழுக்க வேண்டும் என்ற கணக்கு வேறு. ஷிமானோ நிறுவனத்திலேயே இப்படித்தான்: 11 ஸ்பீடு சாலை ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) ஒரு கிளிக்குக்குச் சராசரியாக 2.7 மி.மீ. கேபிள் இழுக்கும், மவுண்டன் ஷிஃப்டர் சுமார் 3.6 மி.மீ. இழுக்கும். சாலை லீவரை மவுண்டன் டிரெய்லியரோடு இணைத்தால் ஒவ்வொரு கிளிக்கிலும் டிரெய்லியர் கொஞ்சம் பின்தங்கும். அந்தக் குறை சேர்ந்துகொண்டே போய் நாலைந்து கிளிக்கில் ஏறக்குறைய ஒரு பல்சக்கரமே தவறிவிடும். எந்தத் திருகைத் திருப்பினாலும் இது தீராது. இதை ஹேங்கர் கோளாறு என்று சொல்லி அலையவிட்டதுதான் எனக்கு ஆத்திரம்.

பிரேக் விஷயத்திலும் பாதிதான் உண்மை. லீவரிலிருந்து, சக்கரத்தருகே வட்டைப் பிடிக்கும் காலிப்பர் வரை சாதாரணக் கேபிள், காலிப்பருக்குள் மட்டும் எண்ணெய். இந்த வகையில் நல்ல பிரேக்குகளும் உண்டு. ஆனால் மண்ணும் சேறும் கேபிள் உறைக்குள் போனால் பிடி கனத்துவிடும். முழு ஹைட்ராலிக்கில் அந்தத் தொல்லை கிடையாது. அதை நம்பித்தானே காசு கொடுத்தோம்? கிளட்ச் என்று எழுதியிருந்ததும் இல்லை. டிரெய்லியரின் கூண்டை முன்னால் தள்ளிப் பாருங்கள், கிளட்ச் இருந்தால் நன்றாக எதிர்க்கும். இது லேசாக ஆடியது.

வாங்குவதற்கு முன் லீவர், டிரெய்லியர், கேசட் மூன்றின் மாடல் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். "படத்தில் இருப்பதுதான்" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். பெட்டி வந்ததும் எண்களை ஒப்பிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேபிளை வெட்டுவதற்கு முன் இன்னொரு சோதனையும் செய்யலாம். லீவரில் வெறும் கேபிளைக் கோத்து லேசாக இழுத்துப் பிடித்து, வெளியே வரும் இடத்தில் ஒட்டுநாடாவால் குறி வையுங்கள். முதல் கியரிலிருந்து கடைசி வரை 10 கிளிக் அடித்து, குறி நகர்ந்த தூரத்தை அளந்து பாருங்கள். 27 மி.மீ. பக்கம் வந்தால் சாலைக் கணக்கு, 36 பக்கம் வந்தால் மவுண்டன் கணக்கு. எனக்கு வந்தது 27.

கோளாறு தெரிந்தால் முதல் நாளே, பணம் செலுத்திய வழியிலேயே புகார் போடுங்கள். விற்றவர்கள் சொல்லும் சோதனைகளை அதன் பிறகு செய்துகொள்ளலாம். என் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதே படத்தோடு அந்த விளம்பரமும் இன்று வரை அப்படியே இருக்கிறது.