கொடைக்கானலில் டேபிளுக்கு அட்வான்ஸ் கட்டப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

சீசனில் கொடைக்கானல் போகிறவர்கள், சாப்பாட்டுக்கு முன்கூட்டியே டேபிள் பிடிக்கிறேன் என்று மேப்பில் கிடைத்த எண்ணுக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பினேன். 3,300 ரூபாய் போயிற்று. அது போகட்டும், சுகர் உள்ள அப்பாவை மூன்றரை மணி வரை பட்டினி போட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

அக்கா குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. மே கடைசியில் அவர்களும் லீவுக்கு வந்திருந்தார்கள். மதுரையிலிருந்து பதினொரு பேர் கிளம்புவதாக ஏற்பாடு. மச்சானுக்கு இடம் பிடிக்காமல் வெளியில் சாப்பிட்டுப் பழக்கமில்லை. அங்கே ஹாக்கர் சென்டர் என்கிற பொது உணவுக்கூடத்தில்கூட முதலில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுத்தான் சாப்பாடு வாங்கப் போவார்களாம். அதற்குப் பெயர் ‘சோப்’. குளிக்கிற சோப் இல்லை. நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான். என்ன, அங்கே அந்தப் பாக்கெட்டை யாரும் தொடமாட்டார்கள்.

“பதினோரு பேருக்கு சீசன்ல எங்க மாப்ள ஒண்ணா இடம் கிடைக்கும்? முன்னாடியே சொல்லிருவோம்” என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஏரிக்குப் பக்கத்தில் நல்ல பெயருள்ள ஓர் உணவகத்தை மேப்பில் தேடி, அதில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தவர் அவ்வளவு மரியாதை. ஜன்னல் ஓரம் வேண்டுமா, பெரியவர்கள் இருக்கிறார்களா, காரம் குறைக்கணுமா என்றெல்லாம் விசாரித்தார். ஆளுக்கு 300 அட்வான்ஸ், பில்லில் கழித்துக்கொள்வோம் என்றார். பணம் அனுப்பும்போது திரையில் உணவகத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. முதலாளியம்மாவாக இருக்கும் என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து ‘பே’யை அழுத்தினேன்.

நான்கு நாள் கழித்து மலை ஏறினோம். வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் 2025-இல் வரம்பு வைத்த பிறகும் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டி நகரவில்லை. சரி, நமக்குத்தான் டேபிள் இருக்கிறதே என்ற தைரியம். உணவகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். வாசலில் முப்பது பேர் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு, “புக்கிங் இருக்கு, புக்கிங் இருக்கு” என்று நான் உள்ளே போனதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

கல்லாவில் இருந்தவர் என் போனை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தனக்குப் பின்னால் சுவரில் பெயின்டில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினார். வேறு எண். “சீசன்ல நாங்க டேபிளே புக் பண்றதில்ல சார். இந்த வாரத்துல நீங்க மூணாவது ஃபேமிலி.” அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனாலும் மூன்று குடும்பம் ஏமாந்து வந்த பிறகாவது வாசலில் ஒரு போர்டு மாட்டியிருக்கலாம். மேப்பில் ஒரு கடையின் எண்ணை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த எண்ணுக்கு மறுபடி அடித்தேன். எடுத்தான்! “சாரி சார், ஸ்டாஃப் குழப்பிட்டாங்க, ரீஃபண்ட் போட்டுடறேன்” என்று வாட்ஸப்பில் ஒரு க்யூஆர் கோடு அனுப்பினான். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் 3,300 ஏறிவிடுமாம். இரண்டு இலக்கம் போட்டும்விட்டேன். அக்கா மகள் போனைப் பிடுங்கினாள். “மாமா, பணம் வர்றதுக்கு எதுக்கு பின்?” பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்தது எனக்கு அந்தப் பசியில் உறைக்கவில்லை.

அங்கேயே நின்று, ஆன்லைன் பண மோசடிக்குப் புகார் சொல்லும் 1930 எண்ணுக்குப் போன் செய்தேன். பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க முடியும், நானோ நான்கு நாள் கழித்துச் சொல்கிறேன். புகார் எண் வந்தது. பணம் இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் மச்சானை ஆளாளுக்கு ஓட்டினார்கள், பாவம். வெளிநாட்டில் அவர் செய்வது சரிதான். அங்கே பல உணவகங்கள் கார்டு விவரத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருந்தால்தான் தலைக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள். எத்தனை மணிக்குள் ரத்து செய்யலாம் என்பதும் மெயிலில் வந்துவிடும். போன் வழியே முன்பின் தெரியாதவருக்கு யூபிஐயில் பணம் போடுவதை அதோடு நான் சேர்த்துக் குழப்பிக்கொண்டேன். மலையில் இடம் பிடித்தே ஆகவேண்டும் என்றால், தங்கும் விடுதியின் ரிசப்ஷனில் சொல்லி அவர்களையே கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையா, முதல் நாள் மாலை ஏரிப் பக்கம் நடக்கும்போது நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அட்வான்ஸ் கேட்டால் கையில் ரசீது வேண்டும். எதுவும் தோதுப்படவில்லையா, பன்னிரண்டு மணிக்கே சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். மலைக்குளிரில் அந்த நேரத்துக்கே பசி எடுத்துவிடும்.

கடைசியில் மூஞ்சிக்கல்லில் ஒரு சின்ன மெஸ்ஸில்தான் சாப்பிட்டோம். சாம்பார் தீர்ந்துவிட்டது, ரசமும் மோரும் முட்டைப் பொரியலும் இருந்தன. அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரசத்தை இரண்டு முறை வாங்கிக்கொண்டார். மச்சான் கை கழுவப் போகுமுன் பழக்கதோஷத்தில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தால் அந்த இடத்தில் வேறு யாரோ இலை போட்டு உட்கார்ந்திருந்தார். சப்ளையர் டிஷ்யூவை நீட்டி, “கீழ விழுந்துருச்சுண்ணே, உங்களுதா?” என்றார்.