பூசும் களிம்பா, மருந்தேற்றிய சட்டையா?
குமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களில் மழை விட்டதும் பால் சிரட்டைகளில் தண்ணீர் தேங்கும், டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். பகலில் கடிக்கிற கொசு, வலை உதவாது. சரி, பால் வெட்டுகிறவருக்கு எது நல்லது?

டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு கழுத்து, கை, காது என்று மூடாத தோலைக் காக்கும். ஆனால் வியர்வையில் வீரியம் சீக்கிரம் குறையும், மறுபடி பூச வேண்டும், பால் ஒட்டிப் பிசுபிசுக்கிற கையோடு யார் அதைச் செய்வார்கள்? போதாததற்கு பிளாஸ்டிக்கையும் அரிக்கும். மூக்குக் கண்ணாடி ஜாக்கிரதை.

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி ஏற்றிய முழுக்கைச் சட்டையில் அந்த நினைப்பே வேண்டாம், காலையில் மாட்டினால் முடிந்தது. உட்காரும் கொசு மருந்து பட்டு மயங்கும் அல்லது சாகும். அமெரிக்க ராணுவம் பல ஆண்டுகளாகச் சீருடைகளில் இதைத்தான் ஏற்றுகிறது. ஆலையில் ஏற்றியது பல சலவைக்குத் தாங்கும், வீட்டில் தெளித்தது சில சலவையிலேயே போய்விடும். பெர்மெத்ரினும் சேர்ந்த பைரெத்ராய்டு வகை மருந்துகளுக்குப் பழகிவிட்ட கொசுவிடம் பலன் குறையும், மூடாத இடத்துக்கும் பெரிய காப்பு இல்லை.

என் ஓட்டு சட்டைக்குத்தான், கழுத்துக்கும் புறங்கைக்கும் மட்டும் கொஞ்சம் களிம்பு. அப்புறம், பெர்மெத்ரினைத் தோலில் பூசிவிடாதீர்கள், தெளித்த துணி காயும்வரை வீட்டுப் பூனையை அண்டவிடாதீர்கள், அதற்கு அது நஞ்சு.