மலர்ப் பள்ளத்தாக்கில் ஒரு பகல்: வழிகாட்டிச் சேவை பற்றி

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்கு, ஆகஸ்டு மாதத்தில், அருகிலுள்ள காங்கரியா கிராமத்திலிருந்து வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு சென்றுவந்தேன். 1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் குழுவினர் தற்செயலாக வந்துசேர்ந்த இவ்விடம், 1982-இல் தேசியப் பூங்காவானது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

வழிகாட்டி நேரம் தவறாதவர். வழுக்கும் பாறைகளில் கைபிடித்து அழைத்துச் சென்றார். செடிகளைப் பற்றிக் கேட்டால் மட்டும், நாலைந்து பெயர்களுக்கு மேல் எல்லாமே அவருக்குக் "காட்டுப் பூ". இரவு தங்க அனுமதி இல்லாத இடத்தில் திரும்பும் அவசரம் புரிகிறது என்றாலும், செடிகளை அறிமுகப்படுத்துவதாகச் சொல்லி வாங்கிய கட்டணத்துக்கு இது போதாது.

பள்ளத்தாக்கோ அள்ளிக் கொடுத்தது. நம் காசித்தும்பையின் உறவான இளஞ்சிவப்புப் பூச்செடி மார்பளவு வளர்ந்து நிற்க, அதன் முற்றிய காயை விரல் நுனியால் தொட்டதும் அது வெடித்து விதைகளைத் தெறித்தது. பாறையிடுக்கில் நின்ற நீலப் பாப்பியின் இதழ்கள் கசங்கிய பட்டுத்தாள் போன்றவை, தண்டெங்கும் முட்கள். பிரம்ம கமலத்தைப் பார்க்க, பள்ளத்தாக்குக்கு வெளியே உயரத்தில் உள்ள ஹேமகுண்ட் ஏரி வரை ஏற வேண்டியிருந்தது. நம் மாடிகளில் இரவில் பூக்கும் கள்ளியையும் அப்பெயரால்தான் அழைக்கிறோம். ஆனால் இதுவோ சூரியகாந்திக் குடும்பத்தது, வெளிறிய மடல்களால் பூக்கொத்தைக் குளிரிலிருந்து போர்த்திக் காப்பது.

அடுத்த முறை தாவரவியல் அறிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பேன்.