84 ஓமிலிருந்து 11 ஓமுக்கு: எங்கள் வீட்டு எர்த் வேலை

"குளியலறைக் குழாய் கடிக்கிறது டீச்சர்." எங்கள் வீட்டில் துணி துவைக்க வரும் அம்மா 2024 மே மாதத்தில் ஒரு காலையில் இப்படிச் சொன்னார். நான் செருப்புக் காலுடன் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்றேன். அன்று நான் செய்தது பெரிய தவறு. மறுநாள் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று தொட்டபோது விரல் நுனியில் சுரீரென்று ஏறியது. அந்தத் தரையில்தான் அவர் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து துவைக்கிறார்.

வீடு காரைக்குடியில், 1991இல் கட்டியது. எர்த் என்பது, கருவியில் கசியும் மின்சாரத்தைக் குழியில் புதைத்த பைப் வழியாக மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி. அந்த வேலையை முழுவதும் புதிதாகச் செய்து முடித்து ஓராண்டு தாண்டிவிட்டது. செய்தவர் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வரும் எலக்ட்ரீஷியன். இருக்கும் வேலையே போதும், பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் அவர் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காவது உதவும்.

அவருக்கு முன் இருவர் வந்தார்கள். முதலாமவர் 100 வாட் பல்பை, மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. "எர்த் நன்றாக இருக்கிறது அம்மா, கீசரை மாற்றுங்கள்" என்று சொல்லி 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். இரண்டாமவர் கெமிக்கல் எர்த்திங் (குழியில் ரசாயனக் கலவை நிரப்பும் முறை) விற்பவர். மண்ணைக்கூடப் பார்க்காமல் "ஒரு ஓமுக்குக் கொண்டுவந்துவிடுவேன்" என்றார். எர்த்தின் மின்தடையை ஓமில் அளப்பார்கள், அது குறையக் குறைய நல்லது. 28,000 ரூபாய் கேட்டார்.

மூன்றாவதாக வந்தவர் கையில் எர்த் டெஸ்டர் இருந்தது. மெயினை அணைத்து, வீட்டு எர்த் கம்பியைக் குழியிலிருந்து கழற்றி, தெருவோரமாக ஒரே நேர்கோட்டில் இரண்டு முளைகளை அடித்தார். ஒன்று 20 மீட்டரில், மற்றொன்று 12 மீட்டரில். நடு முளையை முன்னும் பின்னும் நகர்த்தி மூன்று முறை அளந்தார். 84 ஓம் காட்டியது. கீசரை இயக்கச் சொல்லி, குழாய்க்கும் ஈரத் தரைக்கும் நடுவே மீட்டர் வைத்தார். 34 வோல்ட்.

நான் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவள். அன்று மாலை ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 100 வாட் பல்பின் மின்தடை, எரியும்போது ஏறக்குறைய 529 ஓம். அதனுடன் 84 ஓம் தொடராகச் சேர்ந்தாலும் பல்புக்கு 198 வோல்ட் கிடைத்துவிடும். சற்று மங்கலாக எரியும். பகல் வெளிச்சத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆக, பல்பு எரிந்தால் கம்பி எங்கோ மண்ணைத் தொடுகிறது என்றுதான் பொருள். ஆபத்து நேரத்தில் அந்த எர்த் நம்மைக் காக்குமா என்பதைப் பல்பு சொல்லாது. இதே 84 ஓமில், கீசருக்குள் ஃபேஸ் முழுவதுமாக அதன் உலோக உடம்பைத் தொட்டுவிட்டால் ஓடப்போவது இரண்டே முக்கால் ஆம்பியர். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக விழ வேண்டிய 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் அசையாது. கீசரும் குழாயும் 230 வோல்ட்டில் அப்படியே நிற்கும். இதை எழுதும்போதுகூட அந்தத் தரைதான் கண்முன் வருகிறது.

ஏன் இத்தனை ஆண்டுகள் தெரியாமல் இருந்தது என்று கேட்டேன். "குழாயை எப்போது மாற்றினீர்கள் டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டார். 2022இல் மாடித் தொட்டியிலிருந்து வரும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களையும் மண்ணுக்குள் போகும் குழாயையும் எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டிருந்தோம். அதுவரை இரும்புக் குழாயே யாரும் கேட்காமல் எர்த்தாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் வந்ததும் அந்த வழி அடைபட்டது. குளியலறைச் சுவருக்குள் மட்டும் ஜிஐ குழாய் மிச்சம் இருந்தது. அது கீசரோடு சேர்ந்து மின்சாரத்தைச் சுமந்துகொண்டு, இறக்கி வைக்க இடமில்லாமல் நின்றது. குழாய் மாற்றும் வீடுகள் அத்தனையிலும் எர்த்தையும் ஒருமுறை அளக்க வேண்டும். எங்களுக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

வேலை மூன்று நாள் நடந்தது. முதலில் கீசரில் ஓட்டை விழுந்திருந்த ஹீட்டிங் காயிலை மாற்றினார். எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கசிவை விட்டுவைக்கக் கூடாது என்றார். பிறகு பழைய குழியைத் தோண்டினார்கள். உப்பும் கரியும் போட்டு 33 ஆண்டுகளுக்கு முன் இறக்கிய பைப், கடப்பாறை பட்டதும் அப்பளம்போல உதிர்ந்தது. உப்பு ஈரத்தை இழுத்து வைக்கும், அதே உப்பு இரும்பையும் தின்றுவிடும். செப்புக் கம்பியும் ஜிஐ கிளாம்பும் நேரடியாகச் சேர்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு மட்டும்தான் இருந்தது.

எங்கள் ஊர்ச் செம்மண்ணும் செம்பாறாங்கல்லும் கோடையில் எப்படி வறண்டுபோகும் என்பது இங்கே கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும். இரண்டு ஆட்கள் ஒன்றரை நாள் கடப்பாறை போட்டார்கள். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு குழி, அதிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி இன்னொன்று. இரண்டிலும் மூன்று மீட்டர் ஜிஐ பைப். சுற்றிலும் உப்புக்குப் பதிலாகப் பெண்டோனைட் களிமண்ணைக் குழைத்து ஊற்றினார். அது ஊறி உப்பி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு குழிக்கு 19 ஓம், மற்றதற்கு 22. இரண்டையும் இணைத்தபோது 11. "ஐந்துக்குக் கீழே வர வேண்டும் என்பார்களே தம்பி?" என்றேன். "தஞ்சாவூர் வண்டலில் வரும் டீச்சர். இந்த மண்ணில் வராது. வந்தது என்று உங்களிடம் பொய் எழுதித் தர மாட்டேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 11 ஓமில் முழுப் பழுது ஏற்பட்டாலும் 21 ஆம்பியர்தான் ஓடும், எம்சிபி உடனே விழும் என்று நம்ப முடியாது என்பதையும் அவரே சொன்னார். அதனால் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்தார். ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். மின்கம்பத்திலிருந்து நமக்கு வருவது ஃபேஸும் நியூட்ரலும்தான், எர்த்தை நாமே மண்ணில் தேடிக்கொள்கிறோம். அப்படிப்பட்ட வீட்டில் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

கடைசி நாளில் எல்லா மூன்று பின் சாக்கெட்டையும் கழற்றினார். சமையலறைக் கிரைண்டர் பாயிண்டைத் திறந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அங்கே எர்த் கம்பியே வந்து சேரவில்லை. அதை மறைக்க, யாரோ சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டுக் கம்பியால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், எரிந்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு விளக்கின் வழியாக ஃபேஸ் வந்து கிரைண்டரின் உடம்பில் ஏறிவிடும். பல ஆண்டுகளாக அதில் ஈரக் கையோடு மாவு அள்ளியிருக்கிறேன்.

டல்லாஸில் இருக்கும் என் தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது, "எங்கள் வீட்டு மெயின் பெட்டியில் இரண்டும் சேர்ந்துதானே இருக்கிறது பெரியம்மா?" என்று கேட்டான். எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். அமெரிக்க விதியில் மெயின் பெட்டியில் அந்த ஓர் இடத்தில் மட்டும் இணைப்பார்கள், அதைத் தாண்டிச் சாக்கெட்டில் இணைப்பது அங்கும் கூடாது, நமக்கு நியூட்ரலை எர்த் செய்வது டிரான்ஸ்பார்மரில் என்று விளக்கினார். கிரைண்டர் பாயிண்டுக்குப் பச்சைக் கம்பி இழுத்து, அந்த முடிச்சை வெட்டி எறிந்தார். குளியலறையில் மிச்சமிருந்த ஜிஐ குழாயையும் கிளாம்ப் போட்டு, 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியால் எர்த் பட்டையோடு சேர்த்தார்.

மொத்தம் 19,400 ரூபாய். குழி தோண்டியதற்கே பெரும்பகுதி போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்குப் பதினொரு நாள் கழித்து வந்தார், நடுவில் தொலைபேசியையும் எடுக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் வெந்நீரை அடுப்பில்தான் வைத்தோம். பெண்டோனைட் தூளை மாடிப்படி முழுக்கச் சிந்திவிட்டுப் போனார். முக்கியமான குறை, வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபி வைத்தது. அக்டோபர் மழையில் வாசல் விளக்குக்குள் தண்ணீர் இறங்கி அது விழுந்தபோது, பிரிட்ஜ் உட்பட வீடே இருண்டது. வெளி விளக்குகளுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கலாம். அதற்கு ஆகும் செலவை முன்பே சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். இப்போது அதற்கும் சொல்லியிருக்கிறேன்.

மெயின் போர்டுக் கதவின் உட்புறம் அவர் கைப்பட எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது. ஜூன் 2024: 11. அக்டோபர் 2024, மழைக்குப் பின்: 8. மே 2025: 12.5. ஒவ்வொரு முறை அளக்கவும் 400 ரூபாய் வாங்குகிறார். மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துவது என் வேலை. கோடையில் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் துவைக்க வரும் அம்மா தானாகவே எடுத்துக்கொண்டார்.