பசை போட்டு ஒட்டிய எத்ரோக்: வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இஸ்ரேலில் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் நம்மவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யூதர்களின் கூடாரப் பண்டிகையான சுக்கோத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுத் தாத்தா "வா, எத்ரோக் வாங்கப் போகலாம்" என்று கூப்பிடுவார். அதற்குள் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் 180 ஷெக்கல் கொடுத்து ஏமாந்தோம். அந்த வருத்தத்தை ஆற்ற ஒன்று வாங்கப் போய் நான் தனியாக இன்னொரு 90 ஷெக்கல் ஏமாந்தேன். பணம் போனால் போகிறது. பண்டிகைக் காலையில் இரண்டு நிமிடம், என் வேலையே போய்விட்டது என்று நினைத்துக் கைநடுங்க நின்றேனே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எத்ரோக் என்பது நம் நார்த்தங்காயின் சொந்தக்காரப் பழம். எலுமிச்சையைப் போல மஞ்சள், ஆனால் பெரியது, மேடும் பள்ளமுமாகத் தடித்த தோல். வெட்டினால் உள்ளே பெரும்பகுதி வெள்ளைச் சதைதான், சாறு பேருக்குத்தான் இருக்கும். சுக்கோத்தில் பேரீச்சங்குருத்து, மிர்ட்டில் கொப்பு, ஆற்றலரிக் கொப்பு ஆகியவற்றோடு இந்தப் பழத்தையும் சேர்த்துக் கையில் பிடித்து ஆசீர்வாதம் சொல்வார்கள். பைபிளில் லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் "அலங்காரமான விருட்சங்களின் கனி" என்று ஞாயிறு பள்ளியில் படித்திருப்போமே, யூதர்களுக்கு அந்தக் கனி இதுதான். நான் படிக்கும்போது ஆப்பிள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழத்தின் நுனியில், பூவின் மிச்சமாக, சின்னக் குச்சி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் பிட்டாம். அது ஒடிந்துவிட்டால் சிக்கல். சபா (தாத்தாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) முதன்முதலில் இந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்து அது என்னைப் பழிவாங்கிவிட்டது.

வழக்கமாக சபாவின் மகன்தான் எத்ரோக் வாங்குவார். போன முறை அவர் வெளிநாட்டில் இருந்தார். யோம் கிப்பூர் என்ற உபவாச நாள் முடிந்து சுக்கோத் தொடங்குவதற்குள் நடுவில் நாலே நாள்தான், அந்த நாலு நாளும் ஊரெங்கும் தற்காலிகச் சந்தை. மடக்கு மேசை, வெள்ளைப் பெட்டிகள், கருப்புக் கோட்டு ஆண்கள், நகைக்கடையில் வைரம் பார்ப்பார்களே அதே லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு பழம் பார்க்கும் கூட்டம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதற்கே அரைமணி நேரம் ஆனது. சபாவுக்குக் கண் மங்கல். விரலால் தடவி மேடு பள்ளம் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். புள்ளி பார்ப்பது என் வேலை. பழத்தின் மேல்பகுதி, அதாவது நுனியை நோக்கிச் சரியும் பகுதியில், ஒரு கரும்புள்ளி இருந்தால் கூடப் போச்சு. காம்புப் பக்கம் அவ்வளவு கறார் கிடையாது. இதையெல்லாம் வீட்டிலேயே எனக்குப் பாடம் எடுத்துத்தான் கூட்டிப் போனார்.

மூன்றாவது மேசையில் ஒரு பழம். புள்ளி இல்லை, இடுப்பு அழகாகக் குறுகி, உச்சியில் பிட்டாம் கொழுந்து போல நின்றது. சபா இரண்டு நிமிடம் முகர்ந்தார். விலை 180. கடைக்காரர் ரொம்ப நல்லவராகத்தான் பேசினார். பணம் கைக்குப் போனதும் பழத்தை நுரைவலைக்குள் நுழைத்து, பெட்டியில் வைத்து மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: "பிட்டாம் மென்மையானது. பண்டிகைக் காலை வரைக்கும் திறக்காதே. கீழே போட்டால் நான் பொறுப்பில்லை."

இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கறை மாதிரி இருக்கும். அக்கறை இல்லை, அதுதான் முழுத் தந்திரமே.

ரசீது கேட்க எனக்குத் தோன்றவில்லை. பெட்டிக்குள் ஒரு சான்றுச் சீட்டு இருந்தது. பிறகு பார்த்தபோது அதில் தோட்டத்தின் பெயரே இல்லை.

பண்டிகைக் காலை. சபா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பால்கனியில் கட்டிய சுக்காக் குடிலில் உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியைத் திறந்து வலையை மெதுவாக உருவினேன். பழம் என் இடது கையில் இருந்தது. பிட்டாம் வலையோடு போய்விட்டது.

சத்தமே வரவில்லை. ஆனாலும் சபாவுக்குத் தெரிந்துவிட்டது. கையை நீட்டிப் பழத்தை வாங்கினார், விரலை நுனிக்குக் கொண்டுபோனார், விரல் அங்கேயே நின்றது. நான் தமிழில் ஏதோ உளறினேன். "நான் உடைத்துவிட்டேன், என் தப்புதான்" என்று எபிரேயத்தில் சொல்ல வாய் திறந்தேன். சொல்லியிருப்பேன், சத்தியமாக. அந்த நேரத்தில்தான் மாடி வீட்டுக்காரர் பண்டிகை வாழ்த்துச் சொல்ல உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், பழத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெயிலில் சாய்த்தார்.

நுனியில் கண்ணாடித் துளி மாதிரி ஒரு பசை மினுங்கியது. அதன் நடுவே மிளகில் பாதி கூட இருக்காது, ஒரு பல்குச்சியின் முனை. முன்னமே ஒடிந்த பிட்டாமைப் பல்குச்சியில் குத்தி, உடனே ஒட்டும் பசையைத் தடவி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். உடைத்தது நான் இல்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. பிட்டாமே இல்லாத எத்ரோக் தாராளமாகச் செல்லும். நிறையப் பழங்களில் காயாக இருக்கும்போதே அது தானாக உதிர்ந்து, அந்த இடம் வழவழப்பான சின்னக் குழியாக ஆறிவிடும். அது பிறவி அமைப்பு, குறை இல்லை. வளர்ந்து நின்ற பிட்டாம் பிற்பாடு ஒடிந்தால்தான் சிக்கல், அதுவும் முதல் நாளுக்குத்தான் கண்டிப்பு அதிகம். ஆனால் பிட்டாம் உள்ள பழம்தான் பார்வைக்கு எடுப்பு, அதனால் விலையும் எடுப்பு. எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எலியேசர் கோல்ட்ஷ்மிட், பிக்லோராம் என்ற வளர்ச்சி ஊக்கி பட்ட ஆரஞ்சுகளில் நுனி உதிராமல் நிற்பதைத் தற்செயலாகக் கவனித்தாராம். அதற்கப்புறம் அதை எத்ரோக் மரத்துக்கும் தெளிக்கிறார்கள். மரத்திலேயே காப்பாற்ற அவ்வளவு பாடுபடும் ஊரில், மேசைக்கடியில் பசை ட்யூபை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

அப்போது பழம்? கடன் வாங்கியும் ஆசீர்வாதம் சொல்ல முடியாது. முதல் நாளில் அது உங்கள் சொந்தப் பொருளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மாடி வீட்டுக்காரர் மேலே போய்த் தன் எத்ரோக்கைக் கொண்டுவந்தார். "இதை உங்களுக்குப் பரிசாகக் கொடுக்கிறேன், திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு" என்று சொல்லி சபாவின் கையில் வைத்தார். சபா ஆசீர்வாதம் சொன்னார், கொப்புகளை நாலு திசைக்கும் மேலும் கீழும் அசைத்தார், பழத்தைத் திருப்பிப் பரிசாகக் கொடுத்தார். இதற்கென்றே பழங்காலத்திலிருந்து இருக்கும் வழியாம் இது. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

பண்டிகையின் முதல் நாள் முடிந்ததும் நான் சந்தைக்கு ஓடினேன். கடைக்காரர் இல்லை. கடையும் இல்லை. மேசை இருந்த இடத்தில் ஒரு கார் நின்றது. நாலு நாள் சந்தையின் சௌகரியமே அதுதானே. வீட்டுக்கு வந்து, "கிடைத்திருந்தால் இந்தப் பழத்தை அவர் மண்டையிலேயே எறிந்திருப்பேன்" என்றேன். சபா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "பித்தி, அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது" என்றார். பித்தி என்றால் மகளே. ஏறக்குறைய 2,100 வருடங்களுக்கு முன் அலெக்சாண்டர் யன்னாய் என்ற ராஜா, பிரதான ஆசாரியராகவும் இருந்தவர், சுக்கோத் அன்று பலிபீடத்தருகே நின்றபோது கோபத்தில் இருந்த ஜனங்கள் கையிலிருந்த எத்ரோக்குகளை அவர்மேல் வீசி அடித்தார்களாம். அதற்குப் பழிவாங்கி ராஜா சுமார் 6,000 பேரைக் கொன்றார் என்று ஜோசிபஸ் என்ற பழங்கால யூத வரலாற்று ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். "ஆகவே எறிவதற்கு முன் யோசித்துக்கொள்" என்றார் சபா.

சரி, இனி அடுத்த ஏமாற்று. இதில் என் முட்டாள்தனமும் பாதி.

சபாவின் மனைவி இருந்தவரை, பண்டிகை முடிந்ததும் எத்ரோக்கில் வரிசையாகக் கிராம்பு குத்திவைப்பாராம். ஓய்வுநாள் முடியும் இரவில் நறுமணம் முகரும் ஒரு சடங்கு உண்டு, அதற்கு அந்தப் பழம் மாதக்கணக்கில் ஆகும். போன முறை சபா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு மனசு கேட்காமல், சுற்றுலாப் பயணிகள் நடமாடும் ஒரு சந்துக் கடையில் "எத்ரோக் எண்ணெய், நூறு சதவீதம் தூய்மை" என்று கையால் எழுதி வைத்திருந்த ஒரு பாட்டிலை வாங்கினேன். 10 மில்லி, 90 ஷெக்கல். பண்டிகையில் மிஞ்சிய பழங்களின் தோலைப் பிழிந்து எடுத்தது என்றார் விற்றவர். பிள்ளைத்தாச்சிகள் தினம் இரண்டு சொட்டு விழுங்கினால் சுகப்பிரசவம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் சபா முகர்ந்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "லிமோன்." எலுமிச்சை.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் சிட்ரோன் என்று இருந்தது. ஆங்கிலத்தில் சிட்ரான் என்றால் எத்ரோக் வகைப் பழம். ஆனால் இந்த லேபிள் பிரெஞ்சு. எழுத்து ஒன்றுதான், பிரெஞ்சில் அதற்கு எலுமிச்சை என்று அர்த்தம். எத்ரோக் வகைக்கு அவர்கள் சொல்லும் பெயர் செத்ரா. இத்தாலியில் இன்னும் மோசம், செத்ரோ என்றால் இந்தப் பழமும்தான், தேவதாரு மரமும்தான். அடியில் எறும்பு எழுத்தில் சிட்ரஸ் லிமோன் என்று தாவரப் பெயர் ஒழுங்காகவே போட்டிருந்தது. எத்ரோக்காக இருந்தால் அங்கே சிட்ரஸ் மெடிக்கா என்று இருக்க வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள், முன்பக்க அலங்காரமெல்லாம் வேண்டாம். கலப்படம் இருக்குமோ என்று வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பார்த்தேன். பிசுக்கு வட்டம் விழவில்லை. சமையல் எண்ணெய் மாதிரி பிசுக்கு எண்ணெய் எதுவும் கலக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நேர்மையான எலுமிச்சை எண்ணெய்! அந்தக் காசுக்கு இங்கே சூப்பர் மார்க்கெட்டில் அதைப்போல நாலு பாட்டில் வாங்கலாம்.

இன்னும் ஒரு விஷயம். பாட்டிலைத் திறந்த அன்றே, வாசனை பிடித்துப்போய், மணிக்கட்டில் இரண்டு சொட்டுத் தேய்த்துக்கொண்டு சபாவோடு பூங்காவில் வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அந்த இடம் சிவந்து எரிந்தது. அப்புறம் பழுப்புப் படை, போக ஒன்றரை மாதம் ஆனது. தோலைக் குளிர்முறையில் பிழிந்து எடுக்கும் எலுமிச்சை எண்ணெயில் இருக்கும் சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும் என்று மருந்துக்கடைப் பெண் சொன்னபோதுதான் தெரிந்தது. பாட்டிலில் அந்த எச்சரிக்கை கிடையாது.

விற்றவர் சொன்னது உண்மையாகவே இருந்திருந்தாலும் நான் வாங்கியிருக்கக் கூடாது. சடங்குக்கு விளைவிக்கும் எத்ரோக்கை யாரும் சாப்பிட வளர்ப்பதில்லை. ஒரு புள்ளி விழுந்தால் விலை போய்விடும் என்று மருந்தை அடித்துத் தள்ளுவார்கள். அடித்த மருந்து தங்குவது தோலில், எண்ணெய் எடுப்பதும் அதே தோலிலிருந்து. பிள்ளைத்தாச்சிக் கதையும் அரைகுறைதான். எத்ரோக் சாப்பிட்ட தாய்க்கு மணக்கும் பிள்ளை பிறக்கும் என்று தல்மூத் என்ற யூதர்களின் பழைய மத நூலில் உண்டு. பாரசீகத்து ஷாப்பூர் ராஜாவின் மகள் அப்படிப் பிறந்தவளாம். பண்டிகை முடிவில் கர்ப்பிணிகள் பிட்டாமைக் கடிக்கும் வழக்கமும் உண்டு. எண்ணெயை விழுங்கச் சொல்லி அதில் எதுவும் இல்லை. எங்கள் தெருவில் வேலைசெய்யும் ஒரு பெண் ஐந்து மாதம், அவளும் அதே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். டாக்டரைக் கேட்காமல் இந்த மாதிரி எண்ணெய் எதையும் வாயில் வைக்காதே என்று பிடுங்கி வைத்தேன்.

இந்த முறை நீங்கள் போனால், பணம் கொடுப்பதற்கு முன்னால், வலை இல்லாமல், வெளிச்சத்தில், பிட்டாமின் அடிப்பாகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிட்டாமும் பழமும் சேரும் இடத்தில் தோல் ஒரே தொடர்ச்சியாக ஏறிப்போக வேண்டும். மினுமினுப்போ வெட்டுக்கோடோ தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிட்டாம் இல்லாத பழம் என்றால் குழி வழவழப்பாக இருக்கிறதா, பிய்த்த காயமாக இருக்கிறதா என்று பாருங்கள். போனில் கடையையும் பழத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "திறக்காதே" என்று சொன்னால் அங்கேயே திறங்கள்.

அந்த ஒட்டுப் பழத்தில் கடைசியில் நானே கிராம்பு குத்திவைத்தேன். சபா அதைத்தான் இன்றும் முகர்கிறார். எலுமிச்சை எண்ணெய் பாதி மிச்சம் இருக்கிறது. மருந்து டப்பாக்களில் ஸ்டிக்கர் பசையை எடுக்க அதைப்போல ஒன்று கிடையாது. பிட்டாமில் இருந்த பசையிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அது மட்டும் கரையவே இல்லை.