மலையில் மரம் வெட்ட ஆள் அழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் வீட்டை ஒட்டி நிற்கும் மரங்களைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக வெட்டவோ கழிக்கவோ ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள், யாருக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவை முழுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அன்று ஓர் உயிர் போயிருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பியது. வேலை செய்த ஒப்பந்தக்காரரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் வேலை செய்த விதத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதே விதத்தில் வேலை செய்பவர்கள் இந்த மலையில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

எங்கள் வீடு தேயிலைச் சரிவின் நடுவே இருக்கிறது. வீட்டின் பக்கவாட்டில் ஒரு பழைய கற்பூர மரமும் (யூகலிப்டஸ்), வேலியோரம் சில்வர் ஓக் மரங்களும் நின்றன. கற்பூர மரம் கீழ்ச்சரிவை நோக்கிச் சாய்ந்திருந்தது. 2019 ஆகஸ்டில் நீலகிரி மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி, மாவட்டம் முழுவதும் மரங்கள் வேரோடு சரிந்ததைப் பார்த்த எவருக்கும், ஈரம் ஊறிய சரிவில் சாய்ந்து நிற்கும் கற்பூர மரத்தைப் பார்த்தால் தூக்கம் வராது. ஆகவே அதை முறைப்படி சாய்க்கவும், சில்வர் ஓக்குகளின் அடர்ந்த கிளைகளை மட்டும் கழித்துவிடவும் அந்த ஒப்பந்தக்காரரிடம் பேசினோம். இந்த மலைப்பகுதியில் நம் சொந்த நிலத்து மரமாகவே இருந்தாலும், 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். அதை நான் கேட்டபோது, “பேப்பர் எல்லாம் நம்ம கையில இருக்கு டீச்சர், நீங்க கவலைப்படாதீங்க” என்றார். தொகையில் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். நகல் கேட்ட ஒவ்வொரு முறையும் நாளைக்கு என்றார். கடைசியில் ஆட்கள் இயந்திர வாளை (செயின்சா) இயக்கிவிட்ட பிறகுதான் மடித்த ஒரு தாளை என் கையில் கொடுத்தார். அதில் இருந்த புல எண் எங்களுடையது அல்ல, கிராமமும் வேறு. யாரோ ஒருவருடைய தோட்டத்துக்குக் கிடைத்த அனுமதியை ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வேலையை நிறுத்துங்கள் என்று நான் சத்தம் போட்டது இயந்திர வாளின் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

அடுத்து நடந்ததைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மரம் விழுந்த பிறகு அடிக்கட்டையைப் பார்த்தாலே வெட்டியவருக்குத் தொழில் தெரியுமா என்பது தெரிந்துவிடும். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டும். அதன் ஆழம் மரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை இருந்தால் போதும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, முன்வெட்டின் மூலைக்குச் சற்று மேலே பின்வெட்டு வர வேண்டும். இரண்டுக்கும் இடையில், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு மரத்தை வெட்டாமல் விட வேண்டும். கதவின் கீலைப் போல, வெட்டாமல் விட்ட அந்தப் பகுதிதான் மரத்தைப் பிடித்துக்கொண்டு, நாம் நினைத்த திசையில் மெதுவாக மடக்கி இறக்குகிறது. முன்புறம் நன்றாகச் சாய்ந்திருக்கும் மரத்தில் இன்னும் கவனம் தேவை. பின்னாலிருந்து சாதாரணமாக அறுத்துக்கொண்டே போனால், பாதி அறுக்கும்போதே மரத்தின் எடை முன்னால் இழுக்க, தண்டு நெடுக்காகப் பிளந்து, பிளந்த பின்பாதி வெட்டுபவரின் மார்பு உயரத்துக்கு எகிறி அடிக்கும். இதைத் தவிர்க்க, கீலுக்குப் பின்னால் வாளின் நுனியைத் தண்டுக்குள் குத்தி நுழைத்து நடுப்பகுதியை முதலில் அறுத்து, பின்னால் ஒரு சிறு பிடிப்பை விட்டுவைத்து, தப்பிச் செல்லும் வழியைப் பார்த்துக்கொண்டு கடைசியாக அந்தப் பிடிப்பை அறுத்துவிடுவார்கள்.

எங்கள் மரத்தின் அடிக்கட்டையில் முன்வெட்டு என்று சொல்லத்தக்கது இரண்டு விரல் ஆழக் கீறல்தான். பின்வெட்டு அதற்குக் கீழே சாய்வாக இறங்கியிருக்கிறது. கீல் என்று எதுவுமே இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பிளந்த பலகை இன்னும் நட்டுக்கொண்டு நிற்கிறது. பிளந்த தண்டு திருகிக்கொண்டு, காலியாக இருந்த தேயிலைச் சரிவில் விழாமல் பக்கத்து வீட்டுச் சமையலறைக் கூரையின் மீது விழுந்தது. அப்போது அடுப்பங்கரையில் யாரும் இல்லை. வாள் பிடித்திருந்த பையன், இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டான், ஒரு பக்கமாகத் துள்ளியதால் பிழைத்தான். அவன் காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, சங்கிலி பட்டால் இழைகள் சிக்கி வாளை நிறுத்தும் பாதுகாப்புக் கால்சட்டை ஆகிய எதுவும் இல்லை. முழு வேகத்தில் அந்தச் சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. நுனியின் மேற்பகுதி எதிலாவது பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறும். அப்போது சங்கிலியை நிறுத்துவதற்காகவே முன்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். அந்த வாளில் அந்தத் தடுப்பையே கழற்றி எறிந்திருந்தார்கள். ஒரு பிள்ளையை அப்படி மரத்தடியில் நிறுத்திவிட்டு, முதலாளி சாலையோரம் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். என்னால் இன்றும் ஆத்திரமில்லாமல் அதை நினைக்க முடியவில்லை.

சில்வர் ஓக்குகளின் கதையும் இதே. தேயிலைக்கு நிழல் தரும் அந்த மரங்களை மழைக்கு முன் கிளை கழிப்பது இங்கே வழக்கம்தான். இவர்களோ இடுப்பில் ஒற்றை நைலான் கயிற்றோடு ஏறி, உச்சியை அப்படியே மொட்டையடித்துவிட்டார்கள். மரத்தின் மேல் வாளோடு நிற்பவருக்கு இரண்டு தனித்தனிப் பிணைப்புகள் வேண்டும்; அவற்றில் ஒன்று வாளுக்கு எளிதில் அறாத, உள்ளே கம்பி ஓடும் கயிறாக இருக்க வேண்டும். மொட்டையடித்த முனையில் அழுகல் இறங்கும். அதன் ஓரத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கொம்புகள் தண்டோடு ஆழமாகப் பிணையாமல் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு வளர்வதால், பருத்த பிறகு காற்றுக்கு முறிந்து விழும். ஆபத்தைக் குறைக்கப் போய், சில ஆண்டுகள் கழித்து வரும் ஆபத்தை நட்டுவைத்தது போலாயிற்று. ஒரே முறையில் பசுந்தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்காமல், கிளை தண்டோடு சேரும் இடத்திலுள்ள பருத்த வளையத்துக்குச் சற்று வெளியே, முதலில் அடியிலும் பிறகு மேலிருந்தும் வெட்டியிருந்தால் பட்டை உரியாமல் காயம் தானே மூடியிருக்கும்.

கற்பூரத் தடிகளை ஏற்றிக்கொண்டு போவதில் மட்டும் சுறுசுறுப்பு காட்டினார்கள். தழையும் சுள்ளியும் எங்கள் பாதையிலேயே கிடந்தன. பக்கத்து வீட்டுக் கூரையை நாங்கள்தான் கட்டிக்கொடுத்தோம். வனத்துறையினர் வந்தபோது விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததும் நிலத்துக்கு உரியவர்களான எங்களுக்குத்தான். ஒப்பந்தக்காரர் அலைபேசியையே எடுக்கவில்லை. போலித் தாளையும் அடிக்கட்டையின் படங்களையும் இணைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் ஆள் அமர்த்தும்போது, அனுமதித் தாளில் உங்கள் பெயரும் புல எண்ணும் மரங்களின் எண்ணிக்கையும் இருக்கின்றனவா என்று வாள் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே பாருங்கள். மின்கம்பி அருகில் ஓடினால் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே தொடங்கச் சொல்லுங்கள். மரம் எந்தப் பக்கம் விழும், வெட்டுபவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் விழும் திசைக்கு எதிரே சாய்கோணத்தில் ஒரு வழியைச் செத்திச் சுத்தம் செய்து காட்டுவார். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. சரிவில் தடி உருளும் என்பதால் கீழ்ப்பக்கத்தில் அந்தத் தூரமும் போதாது. கீழே தேயிலை பறிப்பவர்கள் இருந்தால் அவர்கள் வெளியேறும்வரை வாளை இயக்க விடாதீர்கள். வேலை பாதியில் நின்று, அறுபட்ட மரமோ வேறு மரத்தில் சிக்கிய கிளையோ மேலே நின்றால், அதன் அடியில் யாரும் போகாதபடி கயிறு கட்டிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.