பீஸ் ரேட்டா, ஷிப்ட் கூலியா? தையல் லைனில் ஊக்கம் பற்றிய ஓர் ஒப்பீடு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தையலுக்குக் கூலி கணக்கிடும் முறைகள் இரண்டு. தைத்த உருப்படிகளை எண்ணிக் கொடுப்பது பீஸ் ரேட். வேலை பார்த்த நேரத்துக்குக் கொடுப்பது ஷிப்ட் கூலி. எது சிக்கனம் என்பது முதலாளியின் கேள்வி. ஆட்களை வைத்து வேலை வாங்கும் சூப்பர்வைசர், இரண்டில் எது உழைப்பவரின் மனதை வேலையில் நிறுத்துகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பீஸ் ரேட்டுக்கு வலுவான சான்று உண்டு. கார் கண்ணாடி மாற்றித் தரும் சேஃப்லைட் என்ற அமெரிக்க நிறுவனம் 1990களின் நடுவில் மணிக்கூலியைக் கைவிட்டுப் பீஸ் ரேட்டுக்கு மாறியதைப் பொருளியலாளர் எட்வர்ட் லேசியர் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார். ஒரு தொழிலாளி மாட்டும் கண்ணாடிகளின் எண்ணிக்கை சராசரியாக 44 சதவீதம் உயர்ந்திருந்தது. அதில் ஏறக்குறைய பாதி, அதே ஆட்கள் கூடுதலாக உழைத்ததால் வந்தது. ஆனால் அங்கே ஒரு கண்ணாடியை மாட்டுபவர் தனியாளாகவே மாட்டினார். பழுது வந்தால் அது யாருடையது என்பதும் தெரிந்தது. வேகமும் தரமும் அவர் கையிலேயே இருந்தன.

தையல் லைன் அப்படியல்ல. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று வெவ்வேறு தையல் மெஷின்களில் ஒரே துணி பல கைகள் மாறிப் போகும். கட்டிங்கிலிருந்து பண்டல், அதாவது வெட்டிய துணிக்கட்டு, வராவிட்டால், எவ்வளவு கைவேகம் உள்ளவரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் லைன் பார்த்த ஒரு கம்பெனியில் ஒருநாள் பதினோரு மணி வரை பண்டல் வரவில்லை. பல வருட அனுபவமுள்ள ஓவர்லாக் அக்கா ஒருவர் மெஷினில் படிந்த பஞ்சைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே இருந்தார். பண்டல் வந்ததும் தலை நிமிராமல் ஓட்டினார். மாலையில் அவர் தைத்த தோள் மூட்டுகளில் பல, தையல் விட்டுப்போய்ச் செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தன. நான் கேட்டபோது, "வேலை தெரியாம இல்லீங்க தம்பி. காலையில போன கூலிய எங்க போயி எடுக்கிறதுங்க?" என்றார். அந்தப் பிழை அவருடையதல்ல என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஷிப்ட் கூலியில் இந்தப் பதற்றம் இல்லை. புதிதாக வந்தவரும் அடித்துப்பிடித்து ஓடாமல் நிதானமாகத் தொழில் கற்கலாம். ஆனால் முனைந்து செய்பவருக்கும் ஒப்புக்குச் செய்பவருக்கும் ஒரே கூலி என்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், முனைப்புள்ளவரே முதலில் தளர்ந்துவிடுவார். இங்கே அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வு உதவுகிறது: குறைந்த சம்பளம் மனக்குறையை உண்டாக்கும், ஆனால் நிறைவைத் தருபவை பெரும்பாலும் சாதித்த உணர்வும், அதற்குக் கிடைக்கும் பாராட்டும், வேலையின் தன்மையுமே. அவர் கேட்டறிந்தது பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் என்பதால், வாரக்கூலியை நம்பி வட்டி கட்டுபவரிடம் பாராட்டை மட்டும் நீட்டுவதற்கு அதை ஆதாரமாக்குவது அநியாயம்.

சேம்பிள் தையல், அதாவது புது டிசைனுக்கு முதல் மாதிரி தைப்பது, தனி ரகம். அதை எந்த வரிசையில் தைத்தால் சுருக்கம் விழாது என்று யோசிப்பதே அந்த வேலை. புதிர்க் கட்டைகளைச் சேர்த்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களுக்குக் காசு கொடுத்துப் பிறகு நிறுத்தியபோது, அவர்கள் தாமாக விளையாடும் நேரம் குறைந்ததை உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் காட்டினார். சேம்பிள் டெய்லருக்குப் பீஸ் ரேட் வைத்தால், யோசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நஷ்டக்கணக்காகிவிடும்.

எனவே சேம்பிளுக்கும் செக்கிங்குக்கும் ஷிப்ட் கூலி, ஓடும் லைனுக்குப் பீஸ் ரேட் என்பதே என் தேர்வு. லைனுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு: பண்டலுக்காகக் காத்திருந்த நேரத்தைச் சூப்பர்வைசர் நோட்டில் குறித்து, தொழிலாளியிடம் காட்டி, அதற்கு ஷிப்ட் கணக்கில் சனிக்கிழமைக் கூலியோடு சேர்த்துத் தர வேண்டும்.